கூட்டுச் சேர்வது முதலுக்காக மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரையொன்றில், கையில் முதல் இல்லாதவர்களே கூட்டுச் சேர்ந்து தொழில் தொடங்குகிறார்கள் என்றும், ஒரே ஆள் கம்பெனி தொடங்க 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் வழி செய்துவிட்ட பிறகு பங்குதாரர் என்ற தலைவலியை இளைஞர்கள் விலைக்கு வாங்கத் தேவையில்லை என்றும் எழுதப்பட்டிருந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 34 ஆண்டுகள் கணக்கு எழுதியும், வரிக் கணக்குத் தாக்கல் செய்தும், கூட்டுப் பத்திரங்கள் தயாரித்தும் ஓய்வு பெற்றவன் நான். வெள்ளிப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, ஜவுளிக் கடை, லாரி புக்கிங் ஆபீஸ் என்று பலவகைக் கூட்டுகள் என் மேசையில் பிறந்ததையும், அவற்றில் கணிசமானவை அதே மேசையில் முறிந்ததையும் பார்த்தவன் என்ற முறையில், அந்தக் கட்டுரையின் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. கூட்டில் தொல்லையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தொல்லை இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தும் விவரமுள்ள மனிதர்கள் ஏன் கூட்டுச் சேர்கிறார்கள் என்ற கேள்விக்குக் கட்டுரையாளர் போதிய இடம் தரவில்லை என்பதே என் குறை.

முதல் பற்றாக்குறைதான் காரணம் என்ற வாதத்தை ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே அதன் பலவீனம் தெரிந்துவிடும். ஒருவருக்குத் தொழில் தொடங்க ஐந்து லட்சம் ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 12 சதவீத வட்டிக்கு வாங்கினால் ஆண்டுக்கு 60,000 ரூபாய் செலவு. அதே ஐந்து லட்சத்தைப் போடும் ஒருவரைப் பாதிப் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டு, ஆண்டு லாபம் ஆறு லட்சம் வந்தால், அவருக்குக் கொடுக்க வேண்டியது மூன்று லட்சம். பணம் மட்டுமே குறை என்றால், 60,000 ரூபாயில் முடிகிற காரியத்துக்கு மூன்று லட்சம் கொடுக்க எந்த வியாபாரி சம்மதிப்பார்? நகைக்கடன் இருக்கிறது, சீட்டு இருக்கிறது, 2015 முதல் முத்ரா கடனும் இருக்கிறது. நஷ்டம் வந்தாலும் வட்டி நிற்காது, பங்குதாரரோ நஷ்டத்திலும் பங்கு ஏற்பார் என்று பதில் சொல்லலாம். அது நியாயமான பதில்தான். ஆனால் அந்தப் பதிலிலேயே நாம் பணத்தைத் தாண்டி வந்துவிடுகிறோம். பங்குதாரரிடமிருந்து கிடைப்பது, கடன் கொடுப்பவரிடம் வாங்க முடியாத ஏதோ ஒன்று என்பதை ஒப்புக்கொண்டதாகிறது.

அந்த ஏதோ ஒன்று என்ன என்பதை நான் கற்றுக்கொண்டது வெள்ளிப் பட்டறைகளில்தான். கொலுசுத் தொழில் எப்படி நடக்கிறது என்று வெளியூர் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியாபாரி கட்டி வெள்ளியை எடை போட்டுப் பட்டறைக்காரரிடம் ஒப்படைப்பார். பட்டறைக்காரர் அதை உருக்கி, கம்பியாக இழுத்து, வெட்டி வளைத்து, பற்றவைத்து, மணி கோத்து, மெருகேற்றிக் கொலுசாகத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வார். ஒவ்வொரு கட்டத்திலும் சிறிது எடை குறையும். அதற்குச் சேதாரம் என்று ஓர் அளவு பேசி வைத்திருப்பார்கள். அந்த அளவுக்கு மேல் குறைந்தால் அது பட்டறைக்காரரின் கூலியைத் தின்னும். பட்டறைத் தரையைக் கூட்டிய தூசியைக்கூட வீசாமல் சேர்த்து வைத்து, அதிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கிற தொழில் இது. உருக்கும்போது யார் பக்கத்தில் நின்றார், மெருகுப் போடும் இடத்தில் யார் கண் இருந்தது என்பதில்தான் ஆண்டு முடிவில் லாபமா நஷ்டமா என்பது தீர்மானமாகும்.

இப்போது அந்தப் பட்டறைக்காரர் வெளியூர் போக வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதிரிகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி ஆர்டர் பிடித்தால்தான் பட்டறைக்கு வேலை உண்டு. அவர் போன நான்கு நாட்களும் பட்டறையை யார் பார்ப்பது? மேனேஜர் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வைக்கலாம். ஆனால் ஒரு கிராம் போக வேண்டிய இடத்தில் இரண்டு கிராம் சேதாரம் போனாலும் மேனேஜரின் சம்பளம் குறையப்போவதில்லை. நல்ல கவனத்தால் சேதாரம் குறைந்தாலும் அவர் சம்பளம் கூடப்போவதில்லை. அவர் யோக்கியமானவராகவே இருக்கட்டும். தன் பொருள் கரைகிறது என்ற பதைப்பு அவருக்கு எங்கிருந்து வரும்? அந்தப் பதைப்பைச் சம்பளம் போட்டு வாங்க முடியாது. பங்கு கொடுத்தால்தான் அது வரும். நான் கணக்கு எழுதிய பட்டறைகளில் பெரும்பாலானவை இப்படி உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என்ற ஏற்பாட்டில் நடந்தவையே. அவர்களில் பலருக்கு முதல் இருவரிடமும் இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கும் வரம்தான் இருவரிடமும் இல்லை.

இதைப் பொருளியல் அறிஞர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் சொல்வது பொருத்தம். இங்கிலாந்தில் பிறந்த ரொனால்டு கோஸ் 1937-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், வேண்டியதையெல்லாம் சந்தையில் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றால் நிறுவனம் என்ற ஒன்று ஏன் இருக்க வேண்டும் என்று குழந்தைத்தனமாகத் தோன்றும் ஒரு கேள்வியைக் கேட்டார். சந்தைக்குப் போவதே செலவுள்ள காரியம், விலையை விசாரிப்பதும் பேரம் பேசுவதும் ஒவ்வொரு வேலைக்கும் தனி ஒப்பந்தம் போடுவதும் இலவசமாக நடப்பதில்லை, அந்தச் செலவு மிகும் இடத்தில்தான் நிறுவனம் பிறக்கிறது என்பது அவர் பதில். 1991-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்தச் சிந்தனை முக்கியக் காரணம். ஆனால் கோஸின் பதில் முதலாளி ஏன் ஆள் வைக்கிறார் என்பதை விளக்குமே தவிர, இரண்டாவது மனிதர் ஏன் வேலையாளாக இல்லாமல் பங்குதாரராக வருகிறார் என்பதை முழுவதும் விளக்காது.

அதற்கு ஓரளவு விடை சொன்னவர்கள் அமெரிக்காவின் ஆர்மன் ஆல்ச்சியனும் ஹரோல்ட் டெம்செட்சும். 1972-இல் அவர்கள் எழுதிய கட்டுரையில், இரண்டு பேர் சேர்ந்து கனமான சரக்கை லாரியில் தூக்கி வைக்கும் காட்சியை உதாரணமாகக் காட்டினார்கள். மூட்டை ஏறிவிட்டது, யார் எவ்வளவு தூக்கினார் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எங்கள் ஊர் மொத்தச் சந்தையான லீ பஜாரில் காலை நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த உதாரணத்தை விளக்க வேண்டியதில்லை. ஒருவரை மேற்பார்வைக்கு வைத்து, கூலி போக மிஞ்சும் லாபம் முழுவதையும் அவருக்கே கொடுத்துவிட்டால் அவர் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வார் என்பதே அவர்கள் சொன்ன பொதுத் தீர்வு. வழக்கறிஞர்களைப்போல், பக்கத்தில் நின்று பார்த்தாலும் வேலையின் தரத்தை அளக்க முடியாத தொழில்களில் லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு பொருந்தும் என்றும் அவர்கள் குறிப்பிட்டார்கள். எங்கள் ஊர்க் கொலுசுப் பட்டறை இந்த இரண்டிலும் சரியாக அடங்குவதில்லை என்பது என் கருத்து. உள்ளே நடக்கும் வேலையைப் பக்கத்தில் நின்றால் அளக்கலாம். ஆனால் நிற்க வேண்டியவர் வெளியூர்க் கடை வாசலில் நிற்கிறார். அங்கே அவர் எத்தனை கடை ஏறினார், எந்த விலைக்கு மேல் பேரம் பேசாமல் விட்டுக்கொடுத்தார் என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே ஒருவர் மற்றவருக்கு மேற்பார்வையாளர் ஆக முடியாத இடத்தில், இருவரும் மிச்சத்துக்கு உரியவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

சேலத்தின் இன்னொரு தொழிலான ஜவ்வரிசியின் தொடக்கமே இப்படிப்பட்ட சேர்க்கைதான் என்பதைக் கட்டுரையாளர் நினைவில் கொண்டிருக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. கருவாட்டு வியாபாரத்துக்காகக் கேரளத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த சேலம் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவை 1943 வாக்கில் சந்தித்தார் என்றும், மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவெடுக்கும் முறையை ஷா அறிந்திருந்தார் என்றும், இருவரும் முனைந்து பழைய முறையில் மாவும் ஜவ்வரிசியும் செய்யத் தொடங்கினார்கள் என்றும், பின்னர் இயந்திர வேலையில் கைதேர்ந்த வெங்கடாசலக் கவுண்டர் கருவிகளைச் சீர்படுத்தியதால் உற்பத்தி பல மடங்கு பெருகியது என்றும் தொழில் வட்டாரத்தில் சொல்லப்பட்டு வரும் வரலாறு கூறுகிறது. அவர்களுக்குள் இருந்த பங்கு ஏற்பாடு எத்தகையதாக இருந்தாலும், ஒருவரிடம் செய்முறை, ஒருவரிடம் வியாபாரம், ஒருவரிடம் இயந்திரம் என்று மூன்றும் மூன்று தலைகளில் இருந்தன என்பதுதான் இங்கே முக்கியம். 1943-இல் சேலத்தில் எந்தக் கடையில் போய், ஜவ்வரிசி செய்யத் தெரிந்த அறிவு ஒரு கிலோ கொடுங்கள் என்று கேட்டிருக்க முடியும்? இன்னொன்றும் உண்டு. தெரிந்தவர் தனக்குத் தெரிந்ததை விலைக்கு விற்க முன்வந்தாலும், அது உண்மையில் பயன்படுமா என்பது வாங்குகிறவருக்குச் செய்து பார்த்த பிறகுதான் தெரியும். சொல்லிக் கொடுத்துவிட்ட பிறகோ விற்கிறவர் கையில் விற்க எதுவும் மிஞ்சுவதில்லை. இருவரும் ஒரே ஆலையில் பங்கு வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் பெரிதும் தீர்ந்துவிடுகிறது.

இன்றைய ஆலைகளிலும் இதே கதைதான். பிடுங்கிய கிழங்கு ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது. அரைவைக்கு வந்தே தீர வேண்டும். ஆகவே ஆத்தூர்ப் பக்கத்து விவசாயிகளையும் மலைக் கிழங்கு கொண்டுவரும் வியாபாரிகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர் ஒருவர் தேவை. அரைவையையும் தொட்டியையும் காயவைக்கும் களத்தையும் பார்ப்பவர் ஒருவர் தேவை. விரத நாட்களில் ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடும் மகாராஷ்டிரம் போன்ற வடமாநிலங்களின் சந்தை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று அறிந்தவர் ஒருவர் தேவை. விற்பனையில் சிறு ஆலைகள் தனித்தனியே இடைத்தரகர்களிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்கவே 1981-இல் சேகோசர்வ் என்று எல்லாரும் அழைக்கும் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அதாவது, கூட்டாக உள்ள ஆலைகளே மேலும் ஒரு கூட்டில் சேர வேண்டியிருந்தது.

கூட்டுக்கு இன்னொரு காரணம் உண்டு; அதை வெளியே இருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் சேர்ந்தும் தனித்தும் முழுப் பொறுப்பாளி. படிக்கும்போதே பயமுறுத்தும் இந்தப் பிரிவைத்தான் சரக்குக் கொடுக்கும் வியாபாரி விரும்புகிறார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், கொலுசுத் தொழிலில் இறங்கிய இரு நண்பர்களுக்கு, 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டாண்மையாக, அதாவது எல்.எல்.பி. ஆகப் பதிவு செய்யலாம், தொழில் நொடித்தாலும் வீடு வாசல் தப்பும் என்று ஆலோசனை சொன்னேன். அவர்களுக்கு வெள்ளி கொடுக்க இருந்த வியாபாரி நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படீன்னா இவங்க ரெண்டு பேரு வீடும் இதுல வராதுங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வராது என்றேன். அப்படியானால் கடனுக்கு வெள்ளி இல்லை, ரொக்கத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டார். நண்பர்கள் பழைய முறையிலேயே பத்திரம் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் தனியாகக் கேட்டால் ஒரு வீடு பின்னால் நிற்கிறது. இருவர் சேர்ந்து கேட்டால் இரண்டு வீடு நிற்கிறது. அதைவிட முக்கியமாக, ஒருவர் தவறு செய்யத் துணிந்தால், தன் வீடும் போகும் என்று பயந்து தடுக்க மற்றவர் இருக்கிறார். சட்டம் சுமத்தும் பாரமே சந்தையில் மதிப்பாக மாறும் இந்த விசித்திரத்தை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. அந்த வியாபாரியிடம்தான் படித்தேன்.

இதே பாரம் சம்பந்தமே இல்லாதவர் தலையிலும் விழுவதுண்டு என்பதை மறைக்கக் கூடாது. வரிக் கணக்குக்காக மனைவியின் பெயரைப் பத்திரத்தில் சேர்த்துவிடும் வழக்கம் எங்கள் பகுதியில் நெடுநாளாக இருக்கிறது. நானும் அப்படிப் பல பத்திரங்கள் எழுதியிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை இல்லை. கணவர் இறந்து மூன்று மாதம் கழித்து, வங்கி நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா என்னிடம் வந்தார். "நான் எப்ப சார் பார்ட்னர் ஆனேன்?" என்று அவர் கேட்டபோது, அவர் கையெழுத்துப் போட்ட பக்கத்தை எடுத்துக் காட்டுவதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. உறவுக்குள் கூட்டு எளிதில் அமைகிறது என்பது உண்மை. மாமன் மச்சான் என்றால் எங்கே போய்விடுவார் என்ற நம்பிக்கை இருக்கிறது. ஆனால் நம் மொழியில் பங்காளி என்ற சொல்லே சொத்துச் சண்டையின் வாசனையோடுதான் புழங்குகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். உறவுக்குள்ளேயும் சாதிக்குள்ளேயும் மட்டும் பங்குதாரரைத் தேடுவதால், திறமையுள்ள அயலார் எத்தனையோ பேர் ஆயுள் முழுவதும் சம்பளக்காரர்களாகவே நின்றுவிடுகிறார்கள்.

எல்லா இடத்திலும் கூட்டு நிறுவனம் தேவை என்பது என் வாதமல்ல. எங்கே தேவையில்லை என்பதற்கு ஏற்காடு நல்ல உதாரணம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காபி, இன்று பெரிய எஸ்டேட்டுகளோடு சிறு தோட்டக்காரர்களுக்கும் பிழைப்பாக இருக்கிறது. பறித்த காபிப் பழத்தை அன்றே பல்பரில் போட்டுத் தோலை நீக்கினால்தான் கொட்டை கெடாது. ஆனால் மூன்று நான்கு ஏக்கர் வைத்திருப்பவருக்குச் சொந்தமாகப் பல்பர் கட்டுப்படியாகாது. நாகலூர்ப் பக்கத்தைச் சேர்ந்த மூன்று தோட்டக்காரர்கள், சேர்ந்து ஒரு பல்பர் வாங்குவதற்காகக் கூட்டுப் பத்திரம் எழுதித் தரும்படி என்னிடம் வந்தார்கள். பத்திரம் வேண்டாம் என்று சொன்னேன். யார் எந்த நாளில் ஓட்டுவது, ரிப்பேர் செலவை எந்தக் கணக்கில் பிரிப்பது, ஒருவர் விலகினால் அவர் போட்ட தொகையை எப்படித் திருப்பித் தருவது என்று ஒரே பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன். இயந்திரம் பொது, தோட்டமும் விளைச்சலும் விற்பனையும் அவரவருடையது. யார் எத்தனை கிலோ போட்டார்கள் என்பதைத் தராசு சொல்லிவிடும்; மூட்டை தூக்கும் சிக்கல் அங்கே இல்லை. ஆறு பருவம் ஒரு சச்சரவும் இல்லாமல் நடந்தது.

பிறகு அதே மூவர் திரும்பி வந்தார்கள். காபியை வறுத்து அரைத்து, ஒரு பெயர் போட்ட பாக்கெட்டில் அடைத்து, சேலத்திலும் மலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளிடமும் விற்க விரும்பினார்கள். இந்த முறை நானே பத்திரம் எழுத வேண்டும் என்றேன். பல்பரைப் பொதுவாக வைத்துக்கொள்வதும் ஒரு பெயரைப் பொதுவாக வைத்துக்கொள்வதும் ஒன்றல்ல. மூவரில் ஒருவர் ஈரம் சரியாகக் காயாத கொட்டையைக் கலந்துவிட்டால், பாக்கெட்டை வாங்கியவர் யாருடைய தோட்டம் என்று விசாரிக்கப்போவதில்லை. அந்தப் பெயரையே மறந்துவிடுவார். கெடுதலை மூவரும் சுமக்க வேண்டியிருக்கும்போது, தரத்தை நிர்ணயிக்கும் உரிமையும், தரம் குறைந்ததைத் தள்ளும் உரிமையும், லாபமும் மூவருக்கும் பொதுவாக இருந்தாக வேண்டும். பெயர் சம்பாதிக்கப் பல ஆண்டுகள் ஆகும், அதை நடுவில் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. ஆகவே அதை வைத்திருக்க ஒரு நிறுவனம் வேண்டும். விவசாயிகள் பத்துப் பேர் சேர்ந்தால் உற்பத்தியாளர் கம்பெனியாகவே பதிவு செய்துகொள்ள 2002-இல் சட்டத் திருத்தம் வந்தது. மூன்று பேருக்கு அது பொருந்தாததால் சாதாரணக் கூட்டாண்மையே போதும் என்று முடிவு செய்தோம்.

கூட்டுகள் ஏன் முறிகின்றன என்பதைப் பற்றியும் என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். நான் பார்த்த முறிவுகளில் பணத்தைக் கையாடிய வழக்குகள் குறைவு. உழைப்பின் அளவைப் பற்றிய மனத்தாங்கலே அதிகம். ஒருவர் காலை ஆறு மணிக்கே பட்டறையைத் திறக்கிறார்; மற்றவர் பதினொரு மணிக்கு வருகிறார். தொடக்கத்தில் அது கண்ணில் படாது. மூன்றாவது ஆண்டில் அது மட்டும்தான் கண்ணில் படும். வேறு ஏற்பாடு எழுதிக்கொள்ளாத நிலையில், அதே 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? தொழிலைப் பார்த்துக்கொள்வதற்காக எந்தப் பங்குதாரருக்கும் தனியாகச் சம்பளம் கிடையாது. லாபமும் நஷ்டமும் சமபங்கு. ஒருவர் எட்டு லட்சமும் மற்றவர் இரண்டு லட்சமும் போட்டிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் லாபம் பாதிப் பாதிதான். வாயால் பேசிவைத்தது என்னவாக இருந்தாலும் நீதிமன்றத்தில் அதை நிரூபித்தாக வேண்டும். காலவரையறை எழுதாத கூட்டாண்மை என்றால், ஒருவர் எழுத்து மூலம் நோட்டீசு கொடுத்தாலே முழு நிறுவனமும் கலைந்துவிடும் என்கிறது 43-ஆம் பிரிவு. ஒரு பங்குதாரர் இறந்தால் நிறுவனம் தொடர வேண்டும் என்று எழுதவில்லையென்றால், 42-ஆம் பிரிவின்படி அதோடு கலைந்தது. சேர்கிற நாளில் பிரிந்துபோவதைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்று நினைத்து, பத்திரத்தில் இவை பற்றிய பத்திகளை அவசரமாகப் புரட்டிக் கையெழுத்துப் போட்டவர்களே பிறகு என்னிடம் அதிகம் வந்தவர்கள்.

பதிவு செய்யாத கூட்டுகளின் நிலை இன்னும் மோசம். கூட்டாண்மையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. அதனாலேயே பலர் அதை வீண் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பதிவில்லாத நிறுவனம், ஒப்பந்தத்தின்படி தனக்கு வர வேண்டிய பாக்கிக்காக வெளியாள்மீது வழக்குப் போட முடியாது என்று 69-ஆம் பிரிவு தடுக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்கு வெளியூர்க் கடையிலிருந்து பதினொரு லட்சம் ரூபாய் பாக்கி நின்றது. வருகிறது வருகிறது என்று காத்திருந்து, கடைசியில் பதிவில்லாமலே வழக்குப் போட்டு, அது தள்ளுபடியாகி, அவசரமாகப் பதிவு செய்து திரும்பி வருவதற்குள் மூன்றாண்டுக் காலவரம்பு கடந்துவிட்டது. அந்த இருவரும் அப்போதும் சண்டை போடவில்லை என்பதை மட்டும் ஆச்சரியத்தோடு இங்கே பதிவு செய்கிறேன். ஒருவரையொருவர் நம்பியவர்கள், காகிதத்தைத்தான் நம்பவில்லை.

தனி ஆள் கம்பெனி பற்றிக் கட்டுரையாளர் சொன்னதை நான் மறுக்கவில்லை. 2021 ஏப்ரல் முதல் அதற்கிருந்த மூலதன, விற்றுமுதல் வரம்புகளும் நீக்கப்பட்டுவிட்டன. வீட்டிலிருந்தபடியே கணினியில் வேலை செய்பவருக்கும், சொந்தக் கைத்திறனை மட்டும் விற்பவருக்கும் அது பொருத்தமான வடிவம்தான். ஆனால் அது பொறுப்புக்கு வரம்பு கட்டுமே தவிர, இரண்டாவது ஜோடிக் கண்களைத் தராது. மறுபக்கம், கூட்டுச் சேர்பவர்களுக்கு வரி விதிப்பில் ஊக்கம் எதுவும் இல்லை என்பதும் நினைவில் இருக்க வேண்டும். தனிநபருக்கு உள்ள அடிப்படை விலக்கும் படிநிலை விகிதமும் கூட்டாண்மை நிறுவனத்துக்குக் கிடையாது. பங்குதாரர் சம்பளமும் வட்டியும் சட்ட வரம்புக்குள் கழிந்தது போக, மிஞ்சும் லாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம் வரி. இவ்வளவு இருந்தும் சேர்கிறார்கள் என்றால், சேர்வதில் கிடைப்பது அந்த வரியைவிடப் பெரிது என்று அவர்கள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதானே பொருள்?

ஆகவே, தங்கள் நாளிதழ் இளைஞர்களுக்கு வழிகாட்ட விரும்பினால், தனியாகப் போ அல்லது கூட்டாகப் போ என்று ஒற்றை வரியில் சொல்வதைவிட, கூட்டாண்மைப் பத்திரத்தில் என்னென்ன எழுதப்பட வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு பக்கம் வெளியிடலாம். இன்றும் எங்கள் ஊரில் பெரும்பாலான பத்திரங்கள் ஆங்கிலத்தில், யாரோ எப்போதோ எழுதிய நகலைப் பார்த்து, பெயரை மட்டும் மாற்றி எழுதப்படுகின்றன. கையெழுத்துப் போடுபவர்களில் பலர் அதைப் படிப்பதில்லை, படித்தாலும் புரிவதில்லை. பதிவுத்துறையும் மாவட்டத் தொழில் மையமும் சேர்ந்து, செவ்வாய்ப்பேட்டையிலும் அம்மாப்பேட்டையிலும் ஆத்தூரிலும் கூட்டாண்மைப் பதிவு முகாம்கள் நடத்தினால், நூறு பேராவது வந்து பதிவு செய்வார்கள் என்று நம்புகிறேன். கடன் விண்ணப்பங்களில் பங்குதாரரை வெறும் ஜாமீன்தாரராக மட்டும் பார்க்காமல், அவர் என்ன திறனோடு வருகிறார் என்று வங்கி மேலாளர்கள் ஒரு கேள்வியாவது கேட்கலாம்.

சென்ற மாதம் இரண்டு இளைஞர்கள் என் வீடு தேடி வந்தார்கள். ஒருவர் தந்தையின் கொலுசுப் பட்டறையில் வளர்ந்தவர். மற்றவர் கணினியில் நகை மாதிரி வரையப் படித்த பெண். பட்டறைக்காரர் குடும்பத்துக்கு அந்தப் பெண் உறவும் இல்லை, ஒரே சாதியும் இல்லை. அந்தப் பெண் வரைந்த மாதிரியைப் பட்டறை இளைஞர் வெள்ளியில் கொண்டுவந்தால் பற்றவைக்கும் இடத்தில் உடைகிறது. எங்கே உடைகிறது என்று இளைஞர் சொன்னால்தான் அந்தப் பெண்ணால் கோட்டைத் திருத்த முடிகிறது. ஒரு மாதிரிக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஓராண்டு முயன்று பார்த்து, திருத்தம் ஒவ்வொன்றுக்கும் யார் பணம் தருவது என்று தினமும் வாதாடிச் சலித்துப்போய், கூட்டே சேர்ந்துவிடலாம் என்று வந்திருக்கிறார்கள். நான் தமிழிலேயே ஒரு வரைவு எழுதிக் கொடுத்தேன். லாபப் பங்கு, சம்பளம், வங்கிக் கையெழுத்து எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் விலகினால் அதுவரை உருவான மாதிரிகள் யாருக்குச் சொந்தம் என்ற பத்தியில் இருவரும் நின்றுவிட்டார்கள். அரை மணி நேரம் பேசியும் முடிவுக்கு வரவில்லை. வரைவை வீட்டுக்கு எடுத்துப்போய் யோசித்து வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.